அரைக் கிலோமீற்றர் பாட்டைக் கழுவுவது எப்படி?

பிள்ளைகளே, முதலில் ஒரு கேள்வி. பழைய கறுப்பு இசைத்தட்டு ஒன்றை விளிம்பில் பிடித்து, வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான வட்டங்கள் மினுங்கும். உண்மையில் ஒரு பக்கத்தில் எத்தனை கோடுகள் இருக்கின்றன?

ஒன்றே ஒன்றுதான்! வெளி விளிம்பில் தொடங்கி, நுளம்புச் சுருளைப் போலச் சுற்றிச் சுற்றி உள்ளே போய், நடுவில் இருக்கும் காகித வட்டத்துக்குப் பக்கத்தில் முடிகிற ஒரே கோடு அது. கோடு என்று சொன்னாலும் அது குழிவானது. அதைத் தவாளிப்பு என்பார்கள்.

அதன் நீளத்தை நீங்களே கணக்கிடலாம். நீள்தட்டு, அதாவது எல்.பி., நிமிடத்துக்கு 33⅓ தடவை சுற்றும். ஒரு பக்கம் 22 நிமிடம் பாடினால் ஏறத்தாழ 733 சுற்றுகள். வெளிச்சுற்று பெரியது, உட்சுற்று சிறியது. சராசரியாக ஒரு சுற்று 65 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 733 ஐ 65 ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ 476 மீற்றர் வரும். அரைக் கிலோமீற்றருக்குக் கொஞ்சம்தான் குறைவு. அகலமோ ஒரு மில்லிமீற்றரை இருபதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு.

இவ்வளவு நீளமான, இவ்வளவு ஒடுங்கிய ஒரு பாதையில் பல வருடத் தூசி போய் அடைந்திருக்கிறது. அதை எப்படி வெளியே எடுப்பது? இன்று அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பாட்டு எங்கே இருக்கிறது?

தவாளிப்பைக் குறுக்காக வெட்டிப் பார்க்க முடிந்தால் அது V வடிவில் இருக்கும். இரண்டு சுவர்கள் 90 பாகைக் கோணத்தில் சந்திக்கும். அந்தச் சுவர்களில் கண்ணுக்குத் தெரியாத நெளிவுகள் உண்டு. அந்த நெளிவுகள்தான் பாட்டு. வைரமுனை உள்ள ஊசி தவாளிப்பின் வழியே போகும்போது நெளிவுக்கேற்ப அதிரும். அந்த அதிர்வு மின்சைகையாக மாறி, ஒலிபெருக்கிக்குப் போய் ஒலியாகும். 1958 இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் விற்பனைக்கு வந்தன. அவற்றின் உட்சுவரில் இடப்பக்க ஒலியும் வெளிச்சுவரில் வலப்பக்க ஒலியும் பதிந்திருக்கும்.

இனித் தூசியைப் பார்ப்போம். தட்டின் உட்பகுதியில், ஒரு செக்கனில் ஏறத்தாழ 21 சென்ரிமீற்றர் தவாளிப்பு ஊசியைக் கடந்து போகும். செக்கனுக்கு 10,000 தடவை அதிரும் மெல்லிய கீச்சொலி ஒன்று அங்கே பதிந்திருக்கிறது என்று எண்ணுங்கள். ஓர் அதிர்வுக்குக் கிடைக்கும் இடம், 21 சென்ரிமீற்றரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அது 0.021 மில்லிமீற்றர். வீட்டுத் தூசியில் இந்த அளவுத் துணிக்கைகள் ஏராளம். ஒரு துணிக்கை ஓர் அதிர்வு முழுவதையுமே மூடிவிடும். ஊசி அதில் மோதும்போது நமக்கு ‘டிக்’ என்று கேட்கும்.

ஊசியின் பாரம் 2 கிராம் அளவுதானே, அது என்ன செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அமுக்கம் என்பது விசையைப் பரப்பளவால் வகுப்பது என்று படித்திருப்பீர்கள். ஊசிமுனை சுவரைத் தொடும் இடம் அவ்வளவு சிறியது என்பதால், அங்கே அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. அழுக்கான தட்டைப் போட்டால் ஊசி அந்தத் தூசியைச் சுவரோடு சேர்த்து அரைக்கும். ஆகவே முதலில் கழுவ வேண்டும், பிறகுதான் கேட்க வேண்டும்.

கண்டி வீடுகளுக்குத் தட்டு வந்த கதை

நமது நாட்டில் வானொலியும் இசைத்தட்டும் சேர்ந்தே வளர்ந்தன. 1920களின் தொடக்கத்தில் தந்தித் திணைக்களத்தின் எட்வர்ட் ஹாப்பர் கொழும்பில் ஒலிபரப்புப் பரிசோதனைகளை நடத்தினார். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு செய்த கருவியில், அவர் ஒலிபரப்பியது கிராமபோன் இசையைத்தான். 1925 டிசெம்பர் 16 ஆம் திகதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944 இல், மௌண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அந்தப் படையினருக்காகக் கொழும்பில் இயங்கிய வானொலி நிலையம் போர் முடிந்த பின்னர் இலங்கைக்குக் கிடைத்தது. 1949 இல் அது இலங்கை வானொலியானது. 1952 இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, இந்தியாவின் நேயர்கள் பெருங்கூட்டமாக இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினார்கள். எஸ். பி. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்களின் குரல் தமிழ்நாடெங்கும் கேட்டது. அவர்கள் ஒலிபரப்பிய பாட்டுகளில் பெரும்பாலானவை இசைத்தட்டுகளில்தான் இருந்தன.

அதே தட்டுகள் கண்டி, கம்பளை, மாத்தளை வீடுகளிலும் சுழன்றன. 1963 இல் எச்.எம்.வி. வெளியிட்ட எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம், திரைப்பாடல்கள், நமது சிங்கள, தமிழ்ப் பாடகர்களின் பாடல்கள் என்று பலவும் வந்தன. பிறகு கசெட் வந்தது, சீடி வந்தது. தட்டுகள் அலுமாரியின் மேலே போயின. இன்று சிலவற்றைத் தாத்தா பாட்டி வீட்டில் காணலாம், சிலவற்றைப் பழைய பொருட்கள் விற்கும் கடைகளில் காணலாம். கையில் எடுத்தால் அழுக்கும் பூஞ்சணமுமாக இருக்கும்.

உலர்ந்த துணியால் துடைத்தால் போதாதா?

தூசியைக் கண்டவுடன் சட்டை முனையால் துடைக்கத் தோன்றும். அதனால் இரண்டு கேடுகள் வருகின்றன.

முதலாவது, தூசியில் மணல்துகள் இருக்கும். மணல் இந்தப் பிளாத்திக்கை விடக் கடினமானது. உலர்ந்த துணி அதைத் தட்டின் மீது இழுத்துச் சென்று கீறிவிடும். சின்னத் துகள்கள் வெளியே வராமல் தவாளிப்பின் அடிக்கே தள்ளப்படும்.

இரண்டாவது, நிலைமின். நீள்தட்டுகள் பிவிசி குடும்பத்துப் பல்பகுதியத்தால் ஆனவை. பிவிசியைத் துணியால் உரசினால் அது துணியிலிருந்து இலத்திரன்களை எளிதாகப் பறித்துக்கொண்டு மறையேற்றம் பெறும். பிளாத்திக் ஊடாக மின் ஓடாது. ஆகவே அந்த ஏற்றம் வெகுநேரம் அங்கேயே நிற்கும், காற்றில் மிதக்கும் தூசியைத் தன்னிடம் இழுக்கும். துடைத்துவிட்டு வைத்த தட்டில் சிறிது நேரத்தில் மீண்டும் தூசி படிவது இதனால்தான்.

செய்து பாருங்கள்: பிளாத்திக் அடிமட்டத்தை உலர்ந்த தலைமயிரில் பத்துப் பதினைந்து தடவை உரசி, சின்னக் காகிதத் துண்டுகளுக்கு மேலே பிடியுங்கள். துண்டுகள் துள்ளி ஒட்டும். இதை மழைநாளில் ஒரு தடவையும், பெப்ரவரி மாத வறண்ட நாளில் ஒரு தடவையும் செய்யுங்கள். மழைநாளில் ஒட்டுவது குறைவாக இருக்கும். ஈரமான காற்றில் எல்லாப் பொருட்களின் மீதும் மிக மெல்லிய நீர்ப்படலம் படிகிறது. அதன் வழியே ஏற்றம் கசிந்து போய்விடும்.

நீர் ஏன் தயங்குகிறது?

சரி, நீரை ஊற்றினால் அழுக்குப் போய்விடுமா? இன்னொரு பரிசோதனை செய்வோம். வீணாய்ப்போன, இனிப் பாடாத பிளாத்திக் தட்டு ஒன்றின் மீதோ, ஒரு பிளாத்திக் மூடியின் மீதோ ஒரு துளி நீரை விடுங்கள். பரவாமல் திரண்டு நிற்கும்.

நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலுவாக இழுக்கின்றன. மேற்பரப்பில் உள்ளவற்றை மேலே இழுக்க யாரும் இல்லை. உள்ளேயும் பக்கத்திலும் உள்ளவைதான் இழுக்கும். ஆகவே மேற்பரப்பு தன்னால் இயன்றவரை சுருங்கப் பார்க்கும். இதுதான் மேற்பரப்பு இழுவிசை. துளி உருண்டு நிற்பதும், சில பூச்சிகள் குளத்து நீரின் மேல் நடப்பதும் இதனால்தான்.

துளியின் ஓரம் தட்டைத் தொடும் இடத்தில் உண்டாகும் கோணத்தைத் தொடுகைக் கோணம் என்பார்கள். பிவிசியின் மேல் சுத்தமான நீரின் தொடுகைக் கோணம் 80 பாகைக்கு மேல். இங்கே ஓர் அழகான கணக்கு இருக்கிறது. 90 பாகை அகன்ற V வடிவத் தவாளிப்புக்குள் ஒரு திரவம் தானாகவே புகுந்து ஓட வேண்டுமென்றால், அதன் தொடுகைக் கோணம் 45 பாகையிலும் குறைவாக இருக்க வேண்டும். 80 எங்கே, 45 எங்கே! வெறும் நீர் தவாளிப்பின் மேலே பாலம் போட்டு நின்றுவிடும். அடியில் இருக்கும் அழுக்கை அது தொடவே தொடாது.

இங்கேதான் சவர்க்காரத் திரவம் உதவிக்கு வருகிறது. அதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. தலை நீரை நாடும். வால் நீரை விட்டு விலகி எண்ணெயை நாடும். இந்த மூலக்கூறுகள் நீரின் மேற்பரப்பில் போய் நிறைந்துகொள்ளும்போது இழுவிசை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். துளி தட்டையாகும், தொடுகைக் கோணம் குறையும், நீர் தவாளிப்பின் அடிவரை இறங்கும்.

அடுத்த வேலை அங்கே தொடங்குகிறது. விரல் எண்ணெய், சமையலறைப் புகை, சாம்பிராணிப் புகை எல்லாம் தட்டின் மேல் மெல்லிய எண்ணெய்ப் பசையாகப் படிந்து, தூசியை ஒட்டிப் பிடித்திருக்கும். சவர்க்கார மூலக்கூறுகளின் வால்கள் அந்தப் பசைக்குள் நுழையும். தலைகள் நீரை நோக்கி நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பசை சிறு உருண்டைகளாகப் பிரிந்து நீரில் மிதக்கும். பசை விட்டதும் தூசியும் விட்டுவிடும்.

இதற்கு நேரம் வேண்டும். அழுத்தித் தேய்ப்பதால் அது வேகமாக நடக்காது. ஒன்றிரண்டு நிமிடம் ஈரமாக விட்டுவையுங்கள், வேதியியல் தன் வேலையைச் செய்யும். கழுவுதல் என்பது மூன்று செயல்கள் சேர்ந்தது: அழுக்கைக் கிளப்புவது, அதை நீரில் ஏற்றுவது, அந்த நீரை வெளியே எடுப்பது. மூன்றாவதை விட்டுவிட்டால் முதலிரண்டும் வீண். நீர் ஆவியாகும்போது தான் சுமந்த அழுக்கை அப்படியே தவாளிப்பில் இறக்கிவிட்டுப் போய்விடும்.

எந்த நீர் நல்லது?

கண்டி நகரத்துக் குழாய்கள் பலவற்றில் வருவது சுத்திகரித்த மகாவலி கங்கை நீர். குடிப்பதற்கு நல்லது. ஆனால் தட்டின் கடைசி அலசலுக்கு அது பொருந்தாது. குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் உப்புகள் கரைந்திருக்கும். திகன பக்கத்தில் தொலமைற்றுக் கல் அகழும் இடங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல்சியமும் மகனீசியமும் உள்ள அத்தகைய பாறையினூடாகக் கசியும் நீர் அவற்றைக் கரைத்துக்கொண்டு வரும். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால், உங்கள் வீட்டு நீரில் என்ன கரைந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு லீற்றர் நீரில் 100 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று வையுங்கள். தட்டின் மேல் 10 மில்லிலீற்றர் நீர் தங்கி, அப்படியே காய்ந்தால் மிஞ்சுவது 1 மில்லிகிராம். சிறிதாகத் தெரிகிறதா? அந்த 1 மில்லிகிராம், பக்கம் 0.005 மில்லிமீற்றர் உள்ள கனத்துகள்களாகப் படிந்தால், ஏறத்தாழ 30 இலட்சம் துகள்கள்!

ஆகவே கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீர் வேண்டும். வாகன பற்றரிக்கு ஊற்றுவதற்காக இதை விற்பார்கள். நீரை ஆவியாக்கி, ஆவியை மட்டும் குளிரவைத்துச் சேர்த்தது அது. உப்புகள் ஆவியாகாமல் பாத்திரத்திலேயே நின்றுவிடும். வாங்கும்போது அமிலம் கலக்காத நீர்தானா என்று பெரியவர் ஒருவரைக் கொண்டு பார்த்து வாங்குங்கள்.

செய்து பாருங்கள்: ஒரு கண்ணாடித் துண்டில் குழாய் நீர், கிணற்று நீர், மழை நீர், காய்ச்சி வடித்த நீர் ஆகியவற்றில் ஒவ்வொரு துளி விட்டு, நிழலில் காயவிடுங்கள். பிறகு உருப்பெருக்கும் வில்லையால் பாருங்கள். எந்தத் துளி தன் அடையாளத்தை விட்டுச் சென்றது?

தட்டு எதனால் ஆனது என்று முதலில் பாருங்கள்

கழுவும் திரவத்தை எடுக்கும் முன், கழுவப்படும் பொருளை அறிய வேண்டும். தடிப்பாக, பாரமாக, தட்டினால் கணீரென்று ஒலிக்கும், விழுந்தால் நொறுங்கும் தட்டு என்றால் அது பெரும்பாலும் 78 சுற்றுத் தட்டு. அது அரக்கினால் ஆனது. மரக்கிளைகளில் கூட்டமாக வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைச் சுத்தமாக்கி, கற்பொடியும் கரியும் கலந்து, சூட்டில் அச்சழுத்திச் செய்தார்கள். 1948 இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் பிளாத்திக் நீள்தட்டை அறிமுகப்படுத்தும்வரை கிராமபோன் உலகை ஆண்டது இந்தச் சிறு பூச்சியின் பிசின்தான். நமது நாட்டிலும் இந்தியாவிலும் 1960கள் வரையில் அரக்குத் தட்டுகள் புழக்கத்தில் இருந்தன.

அரக்கு கண்டிப் பகுதிக்குப் புதியதல்ல. மாத்தளை மாவட்டத்தின் ஹப்புவிட கிராமத்துக் கலைஞர்கள் வண்ண அரக்கைச் சூட்டில் இளக்கி, நூலாக இழுத்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்தியும் வெட்டியும் மரக்கைப்பிடிகளில் பூவேலை செய்பவர்கள். ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற பெருநூலில் கண்டிய அரக்கு வேலையையும் பதிவு செய்தார். சூட்டில் இளகி, ஆறியதும் இறுகும் அதே பண்புதான் நகத்தின் அழுத்தத்தையும் வாங்கிக்கொள்கிறது, பாட்டின் நெளிவுகளையும் வாங்கிக்கொள்கிறது.

அரக்குக்கு ஒரு பகை உண்டு. அது எதனோல், அதாவது மதுசாரம். மரத் தளபாடங்களுக்குப் பூசும் அரக்குப் பொலிஷை மதுசாரத்தில் அரக்கைக் கரைத்தே செய்வார்கள். அதே மதுசாரத்தை 78 தட்டின் மேல் ஊற்றினால் தவாளிப்பே கரைந்து, பாட்டு அழிந்துவிடும். நாம் எந்தத் தட்டுக்கும் மதுசாரம் பயன்படுத்தப் போவதில்லை. கைகழுவும் சனிற்றைசர் தெளிப்பானும் தட்டுக்கு அருகில் வேண்டாம், அதிலும் மதுசாரம் இருக்கிறது. அரக்குத் தட்டை நீரில் ஊறவைக்கவும் கூடாது. ஈரத்துணியால் விரைவாகத் துடைத்து, உடனே உலர்த்த வேண்டும். ஆகவே கீழே சொல்லும் முறை பிளாத்திக் தட்டுகளுக்கு மட்டும்.

கழுவும் முறை

பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதன்முதலில் பழகுவதற்கு, கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்ற தட்டை எடுங்கள். தட்டைப் பாடவைக்கும் இயந்திரத்தின் மேல் அதை வைத்துக் கழுவவே கூடாது, அங்கே மின்சாரம் இருக்கிறது.

1. கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி உலர்த்துங்கள். தட்டை விளிம்பிலும் நடுக் காகிதத்திலும் மட்டுமே தொடுங்கள். ஒரு விரல் பட்டாலும் எண்ணெய் ஒட்டும்.

2. தட்டில் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ புள்ளிகள் இருந்தால் அது பூஞ்சணம். வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், முகக்கவசம் அணிந்துகொண்டு வேலையைத் தொடங்குங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

3. மென்மையான தூரிகையால் மேலோட்டமான தூசியைத் தட்டிவிடுங்கள். தூரிகை எப்போதும் தவாளிப்பு போகும் வழியே, வட்டமாகப் போக வேண்டும். குறுக்கே இழுத்தால் நூற்றுக்கணக்கான சுவர்களை வெட்டிக்கொண்டு போகும்.

4. நடுக் காகிதம் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் விட்டம் உள்ளது. அது நனைந்தால் எழுத்துகள் கெடும். அதைவிடச் சற்றுப் பெரிய பிளாத்திக் மூடி ஒன்றை அதன் மேல் கவிழ்த்துப் பிடியுங்கள்.

5. ஒரு லீற்றர் காய்ச்சி வடித்த நீரில், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று துளிகள் மட்டும் விடுங்கள். கூடினால் நல்லது என்று நினைக்காதீர்கள். மிஞ்சும் சவர்க்காரமும் காய்ந்தால் அழுக்குத்தான். நீர் அறைவெப்பநிலையில் இருக்கட்டும். பிளாத்திக் தட்டு சூடு தாங்காது. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டாலே நெளிந்துவிடும்.

6. தட்டைச் சுத்தமான துவாயின் மேல் வைத்து, மென்துணியால் கரைசலைப் பூசுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள், காயவிடாதீர்கள். பிறகு மென்மையான தூரிகையால் வட்ட வழியே சில சுற்றுகள் போங்கள்.

7. அழுக்கு நீர் காயும் முன், நூல் உதிராத துணியால் அதை ஒற்றி எடுங்கள். இந்தப் படி மிக முக்கியம். துணியைப் பாருங்கள். சாம்பல் நிறமாகியிருந்தால் அழுக்கு உண்மையாகவே வெளியே வந்துவிட்டது.

8. வேறொரு சுத்தமான துணியும் வெறும் காய்ச்சி வடித்த நீரும் கொண்டு இரண்டு தடவை அலசி, ஒற்றி எடுங்கள். பழைய துணியை மீண்டும் பயன்படுத்தினால் எடுத்த அழுக்கைத் திரும்ப வைத்தவராவீர்கள்.

9. பாத்திரம் காயவைக்கும் சட்டத்தில் இசைத்தட்டை நிமிர்த்தி வைத்து, மின்விசிறிக் காற்றில் உலரவிடுங்கள். வெயில் வேண்டாம், தலைமயிர் உலர்த்தியும் வேண்டாம்.

10. முழுதாக உலர்ந்த பின் புதிய உள்ளுறையில் போடுங்கள். பூஞ்சணம் பிடித்த பழைய உறைக்குள் திரும்ப வைத்தால் கழுவிய பயன் இல்லை.

கண்டியின் ஈரம்

கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த இடத்தில் இருக்கிறது. ஒக்டோபர், நவெம்பர் மாதங்களில் மழை கனத்துப் பெய்யும். காற்றின் சாரீரப்பதன் 70 வீதத்தைத் தாண்டி வெகுநாள் நின்றால் பூஞ்சண வித்திகள் முளைக்கும். இங்கே அந்த எல்லையைத் தாண்டும் நாட்கள் பல.

பூஞ்சணம் ஒரு வகைப் பங்கசு. உடவத்தகலைக் காட்டுக்குப் போனால் விழுந்த மரங்களின் மேல் பங்கசுகளைப் பார்க்கலாம். உதிர்ந்த இலையையும் மரத்தையும் மண்ணாக்குவது அவற்றின் பெரிய தொண்டு. இசைத்தட்டு உறையும் மரத்திலிருந்து வந்த காகிதம்தானே. பங்கசு காகிதத்தையும் ஒட்டுப்பசையையும் விரல் எண்ணெயையும் உண்டு வளர்ந்து, தட்டின் மேலும் படரும். பிவிசி அதற்கு நல்ல உணவல்ல. ஆகவே தட்டைச் சுத்தமாக வைத்தால் பூஞ்சணத்துக்கு அங்கே உணவு இல்லாமல் போகும்.

நமது ஊரில் இரண்டு பருவங்களுக்கு இரண்டு தொல்லைகள். வருடத் தொடக்கத்தின் வறண்ட மாதங்களில் நிலைமின்னால் தூசி ஒட்டும். மழை மாதங்களில் பூஞ்சணம் பிடிக்கும். மழைநாளில் கழுவினால் உலரும் நேரம் கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருக்கும்போது தட்டிலுள்ள நீர் மெதுவாகத்தான் ஆவியாகும். சுவரை ஒட்டியும் நிலத்திலும் தட்டுகளை வைக்காதீர்கள், காற்றோட்டமான அலுமாரியில் நிமிர்த்தி வையுங்கள்.

பெரிய நூலகங்கள் என்ன செய்தன?

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காகப் பிக்கெட், லெம்கோ என்ற இருவர் செய்த ஆய்வு 1959 இல் வெளியானது. ஒலிப்பதிவுகளைப் பாதுகாப்பது எப்படி என்று ஆராய்ந்த அவர்கள், தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வைக்கச் சொன்னார்கள். 1960களின் இறுதியில் பிரித்தானியாவில் பேர்சி வில்சன் வடிவமைத்துக் கீத் மங்ஸ் தயாரித்த கழுவும் இயந்திரத்தை பிபிசி பயன்படுத்தியது. அதில் தூரிகை திரவத்தைப் பூசும். பிறகு மெல்லிய குழாய் ஒன்று தவாளிப்பின் வழியே நகர்ந்து அழுக்கு நீரை உறிஞ்சும். குழாயின் முனை தட்டைக் கீறாதபடி நடுவே ஒரு நூல் இருக்கும். நூல் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால் தட்டைத் தொடுவது எப்போதும் புதிய நூல்.

அந்த இயந்திரத்தின் திறமை முழுவதும் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பூசுவதற்கு ஒரு தூரிகை போதும். நீரை வெளியே எடுப்பதற்குத்தான் உறிஞ்சு குழாயும் நகரும் நூலும். நீங்கள் துணியால் ஒற்றி எடுப்பதும் அதே வேலைதான். பல் துலக்கிய பின் கொப்பளிப்பதும், உடுப்புத் துவைத்த பின் அலசுவதும் இதற்காகவே.

கீறலா, தூசியா?

இனி உங்களுக்கு ஓர் ஆய்வு. கழுவாத தட்டைப் போடக் கூடாது என்று சொன்னேன் அல்லவா? ஆகவே கெட்டாலும் பரவாயில்லை என்று பழக எடுத்த தட்டில் மட்டும் இதைச் செய்யுங்கள். கழுவும் முன், தட்டின் ஒரு பாட்டின் முதல் ஒரு நிமிடத்தை ஒரே ஒரு தடவை போட்டு, தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். ‘டிக்’ ஒலிகளை எண்ணி எழுதுங்கள். கழுவி, முழுதாக உலர்த்திய பின் அதே ஒரு நிமிடத்தை மீண்டும் பதிவு செய்து எண்ணுங்கள். ஒலியின் அளவு, தொலைபேசி வைத்த இடம், அறை எல்லாம் மாறாமல் இருக்கட்டும். ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாற்றாமல் வைத்தால்தான், வந்த வேறுபாடு கழுவியதால் வந்தது என்று சொல்லலாம்.

எண்ணும்போது கையில் நிறுத்தற்கடிகாரம் வைத்திருங்கள். 33⅓ சுற்றுத் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 செக்கன் எடுக்கும். ‘டிக்’ ஒலி சரியாக 1.8 செக்கனுக்கு ஒரு தடவை வந்துகொண்டே இருந்தால், அது பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளைக் குறுக்கே வெட்டிய ஒரு கீறல். ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் பெரும்பாலும் தூசி. 45 சுற்றுத் தட்டில் கீறலின் இடைவெளி எத்தனை செக்கன்? 60 ஐ 45 ஆல் வகுத்துப் பாருங்கள்.

தூசியை நீர் எடுத்துவிடும். கீறலில் சுவரே போய்விட்டது, அதை எந்த நீராலும் திரும்ப வைக்க முடியாது. ஆகவே எண்ணிக்கை குறையாவிட்டால் மனம் சோராதீர்கள். தட்டுக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

கடைசியாக ஒன்று. நடுக் காகிதத்தில் பாடகர் பெயர், நிறுவனம், தட்டின் இலக்கம் இருக்கும். காகிதத்துக்கும் தவாளிப்பு முடியும் இடத்துக்கும் நடுவே, வழுவழுப்பான கறுப்புப் பகுதியில், சின்னதாக இன்னோர் இலக்கம் பொறித்திருக்கும். அது அச்சின் இலக்கம். இவற்றையும் கழுவும் முன்னும் பின்னும் எண்ணிய இரண்டு எண்களையும் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். நமது பழைய பாடல்கள் எல்லாமே கணினிக்குள் ஏறிவிடவில்லை. உங்கள் கையிலிருக்கும் தட்டு அப்படி எங்கும் ஏறாத ஒன்றாக இருந்தால், அதைத் தேடி வரும் ஒருவருக்கு உங்கள் கொப்பிதான் முதல் தகவலைக் கொடுக்கும்.